ஐந்தாம் சுற்றுக்கு ஒரு புள்ளி

மாமனார் வீட்டில் அவரைப் பெரிய மாப்பிள்ளை என்பார்கள். மூத்த மகளைக் கட்டியவர் என்பதால் வந்த பெயர்தானே தவிர, அதில் வேறு பெருமை ஒன்றும் இல்லை என்பது அவருக்கே மெல்ல மெல்லத்தான் புரிந்தது. வாரத்தில் ஆறு நாள் தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிற வேலை. நாற்பத்தெட்டு அறை வைத்த மர அலமாரியின் முன்னால் போய் நின்றால் கை தானாக ஓடும். ஞாயிற்றுக்கிழமைகளில் குத்துச்சண்டைப் போட்டிக்கு ஜட்ஜ். ரிங்கின் ஒரு பக்கத்தில், கயிற்றுக்கு ஒரு முழம் தள்ளி, முதுகு சாய இடமில்லாத உயரமான ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு சீட்டில் இரண்டு எண்களை எழுதிக் கொடுக்க வேண்டும். சுற்றை ஜெயித்தவருக்குப் பத்து, தோற்றவருக்கு ஒன்பது. அடி வாங்கி விழுந்து எழுந்தவருக்கு எட்டு. பதினோரு வருஷமாக எழுதுகிறார். அவர் எழுதிய எண்ணை ஒருநாளும் யாரும் கேள்வி கேட்டதில்லை. ஒருநாளும் யாரும் கை தட்டியதும் இல்லை.

கைதட்டெல்லாம் சின்ன மாப்பிள்ளைக்கு.

சின்ன மாப்பிள்ளை பஸ் கண்டக்டர். மச்சினிக்குக் கல்யாணமான புதுசில், மாமனார் வீட்டு விசேஷங்களில் யாரோடும் பேசத் தெரியாமல், ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து கை விரலைச் சொடுக்கிக்கொண்டிருப்பான். பாவமே என்று பெரிய மாப்பிள்ளைதான், "வா தம்பி, இங்க உக்காந்து எதை எண்ணப்போற, மேட்ச் பாக்கலாம்" என்று கூட்டிப்போனார். விதிப் புத்தகத்தை வரிவரியாகச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். கூடத்து மேஜையை ஒதுக்கி வைத்துவிட்டு, தானே அடிபட்டவன் மாதிரி விழுந்து, கண்டக்டரைப் பத்து வரை எண்ணச் சொல்லிப் பழக்கினார். முட்டி சிராய்த்ததுதான் மிச்சம். பரீட்சையில் பாஸாகி இரண்டு வருஷம் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தான் கண்டக்டர். மூன்றாம் வருஷம் சங்கத்தில் ரெஃப்ரி பற்றாக்குறை வந்தது.

அந்த இடத்துக்குப் பெரிய மாப்பிள்ளை இரண்டு தடவை மனு போட்டிருந்தார். சங்கத்தின் மேற்பார்வையாளர் ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ், எல்லாருக்கும் மேடம். "உங்க கண்ணு உக்காந்து பாக்கறதுக்குன்னே கடவுள் குடுத்தது சார். அதை நான் கெடுக்க மாட்டேன்" என்றார். சுற்றி நின்றவர்கள் அதைப் பாராட்டு என்று நினைத்துத் தலையாட்டினார்கள். அதே வாரம் மேடம் கண்டக்டரை ரிங்குக்குள் ஏற்றிவிட்டார். "ஓடுற பஸ்ல ஒத்தக் கால்ல நின்னு டிக்கெட் கிழிக்கிறவருக்கு இதெல்லாம் ஜுஜுபி" என்றார்.

சும்மா சொல்லக் கூடாது, அவனுக்கு அது வந்தது. இரண்டு பேர் முட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் கத்தி நுழைகிற மாதிரி நுழைவான். "பிரி" என்று ஒரு சொல், அவ்வளவுதான். குரலை உயர்த்த மாட்டான். எப்பேர்ப்பட்ட முரடனும் விலகி நிற்பான். வெள்ளைச் சட்டை, கறுப்பு போ டை, இஸ்திரி மடிப்பு கலையாத கால்சட்டை. பேப்பரில் அவன் படம் வந்தது. மாமனார் அதை வெட்டி, சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டினார். ஜெயித்தவன் கையைக் கண்டக்டர் தூக்கிப் பிடித்திருக்கிற படம். அதன் கீழ் மூலையில் அரைத் தலையும் ஒரு காதும் தெரியும். அது பெரிய மாப்பிள்ளையின் காது. வீட்டில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, அவரும் சொல்லிக்கொள்ளவில்லை. காதைக் காட்டிப் பெருமைப்படுகிற அளவுக்கு மனுஷன் தாழ்ந்துபோய்விடவில்லை.

ஆனால் உள்ளே புழு அரித்துக்கொண்டிருந்தது. மனைவி ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, "அவர் ரிங்குக்குள்ள என்ன அழகா நடக்கறாருங்க" என்று சொன்னபோது, "பஸ்ஸுக்குள்ள நடந்து பழக்கம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இப்படி இருக்கையில்தான் அந்தப் பட்டப் போட்டி வந்தது. ஞாயிறு மதியம் மூன்று மணி, எட்டுச் சுற்று. நாலு வருஷமாகப் பட்டத்தை விடாமல் வைத்திருக்கிறவனை எல்லாரும் இடதுகை என்பார்கள். எதிர்த்து நிற்கிறவன் வீடுகளுக்கு வெள்ளையடிக்கிற பெயின்டர், வயது முப்பத்துமூன்று, இந்த வாய்ப்புக்கு ஒன்பது வருஷம் காத்திருந்தவன். ரெஃப்ரி, கண்டக்டர். ஜட்ஜ் மூன்று பேர்: ஒரு மருந்துக்கடைக்காரர், ஒரு டிராயிங் மாஸ்டர், பெரிய மாப்பிள்ளை. மாமனார் குடும்பம் மொத்தமும் மூன்றாவது வரிசையில், பெரிய மாப்பிள்ளைக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தது.

நாலு சுற்று வரை இழுபறி. ஒன்றை இவன் எடுத்தால் அடுத்ததை அவன் எடுத்தான். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கண்டக்டர் மூன்று ஜட்ஜுகளிடமும் வந்து, கயிற்றுக்கு வெளியே கையை நீட்டிச் சீட்டை வாங்கி, மேடத்தின் மேஜையில் கொடுப்பான். வாங்கும்போது சீட்டைப் பார்க்க மாட்டான். பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவரே பெரிய மாப்பிள்ளைதான்.

ஐந்தாம் சுற்றில் பெயின்டர் ஆரம்பத்திலிருந்தே முன்னால் வந்துகொண்டிருந்தான். முடிய நாற்பது விநாடி இருக்கும்போது இரண்டு பேரும் பெரிய மாப்பிள்ளையின் பக்கத்துக் கயிற்றோரமாக வந்தார்கள். இடதுகை ஓங்கினான். பெயின்டர் குனிந்து, உள்ளே புகுந்து, வலது விலாவின் கீழே ஒரே ஒரு குத்து விட்டான். சின்னக் குத்து, அரை முழம்கூடப் பயணம் போகவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் இடித்த மாதிரிகூடத் தெரிந்திருக்காது. இடதுகை ஒரு கணம் நின்றான், பிறகு ஒரு முட்டி மடங்கி உட்கார்ந்தான். அவன் கால் பட்ட இடத்தில் விரிப்பு கொஞ்சம் ஈரமாக இருந்தது உண்மை. குத்து விழுந்ததும் உண்மை. ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்த பெரிய மாப்பிள்ளை அதைத் தன் கையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

கண்டக்டர் எங்கிருந்து பார்த்தானோ, கண் சிமிட்டுவதற்குள் அங்கே இருந்தான். பெயின்டரை எதிர் மூலைக்குப் போகச் சொல்லிக் கை காட்டிவிட்டு எண்ண ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு என்று விரலை இடதுகையின் கண்ணுக்கு நேரே நீட்டி, நிதானமாக. அரங்கமே எழுந்து நின்றது. அந்தக் கூச்சலுக்கு நடுவில் மாமனாரின் குரல் தனியாகக் கேட்டது: "நம்ம மாப்ளயப் பாரு! எப்படிப் புடிச்சாம் பாரு!"

நம்ம மாப்ள. ஏதோ அந்த வீட்டுக்கு ஒரே ஒரு மாப்பிள்ளைதான் என்கிற மாதிரி.

எட்டு எண்ணியதும் இடதுகை எழுந்தான். மீதி விநாடிகள் ஓடின. மணி அடித்தது. பெரிய மாப்பிள்ளை சீட்டை எடுத்தார். பெயின்டருக்குப் பத்து, இடதுகைக்கு எட்டு. யோசிக்க ஒன்றுமே இல்லாத சுற்று. ஆனால் விழுந்தவன் மற்ற நேரமெல்லாம் தெளிவாக மேலோங்கி நின்றிருந்தால், எட்டுக்குப் பதில் ஒன்பது போட ஜட்ஜுக்கு உரிமை உண்டு. இடதுகை மேலோங்கி நிற்கவில்லை. அதுவும் அவருக்குத் தெரியும். 'அவன் எண்ணினா எண்ணிட்டுப் போகட்டும், நான் எதுக்கு அதுக்கு முத்திரை குத்தணும்' என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. ஈரமான விரிப்பைப் பார்த்தார். வழுக்கியிருக்கலாமே என்று நினைத்தார். நினைத்ததை நம்பவும் பார்த்தார். பத்து, ஒன்பது என்று எழுதினார். கண்டக்டர் வந்து கையை நீட்டினான். வியர்த்த முகத்தோடு அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு, சீட்டைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு போனான்.

மீதி மூன்று சுற்றிலும் அவர் நேர்மையாகத்தான் எழுதினார். கடைசியில் கூட்டிப் பார்த்தபோது விஷயம் அந்த ஒரு புள்ளியில் வந்து நின்றது. மருந்துக்கடைக்காரர் கணக்கில் பெயின்டருக்கு எழுபத்தாறு, இடதுகைக்கு எழுபத்தைந்து. டிராயிங் மாஸ்டர் கணக்கில் இடதுகைக்கு எழுபத்தாறு, பெயின்டருக்கு எழுபத்தைந்து. பெரிய மாப்பிள்ளை கணக்கில் இரண்டு பேருக்கும் எழுபத்தாறு. ஆளுக்கொரு பக்கம் போனதால் போட்டி சமன். சமன் என்றால் பட்டம் பழைய ஆளிடமே இருக்கும். பெயின்டர் பாதி தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றான். கூட்டம் ஊளையிட்டது. காலித் தண்ணீர் பாட்டில் ஒன்று வந்து பெரிய மாப்பிள்ளையின் ஸ்டூலடியில் உருண்டது.

மறுநாளே பெயின்டரின் பயிற்சியாளர் சங்கத்தில் புகார் கொடுத்தார். மேடம் ஜட்ஜுகளிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். பொய் ஒன்று சொன்னால் அதற்குத் துணையாக இன்னொன்று வந்து நிற்கும் என்பார்கள், வந்து நின்றது. மேலோங்கி நின்றதால் ஒன்பது போட்டேன் என்றால் வீடியோவைப் போட்டுப் பார்ப்பார்கள், மாட்டிக்கொள்வோம். ஆனால் விழுந்த கணத்தில் பெயின்டரின் முதுகு கேமராவை மறைத்திருந்தது. அதனால், 'என் பார்வையில் குத்து படவில்லை, கால் வழுக்கியது' என்று எழுதிக் கொடுத்தார். அதன் அர்த்தம் என்ன என்பது எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. ஜட்ஜ் சரி என்றால் ரெஃப்ரி தப்பு. விசாரணை இப்போது கண்டக்டர் மேல் திரும்பியது. அடுத்த வாரம் வியாழக்கிழமை வந்து நிற்கச் சொல்லி அவனுக்குக் கடிதம் போனது.

அதற்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை மதியம் அவன் தபால் ஆபீஸுக்கே வந்துவிட்டான். காக்கிச் சட்டை, தோளில் பை, கழுத்தில் விசில். கடிதக் கட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, சண்டை போடப்போகிறான் என்று பெரிய மாப்பிள்ளை நினைத்ததற்கு மாறாக, தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அண்ணே, உங்க விளக்கத்தை மேடம் காட்டுனாங்க. குத்து படலையாண்ணே?"

"ஏன், உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பட்ட மாதிரிதான் இருந்துச்சு. ஆனா நான் எட்டடி தள்ளி இருந்தேன். நீங்க பக்கத்துலயே இருந்தீங்க. வேற யாரு சொல்லியிருந்தாலும் நான் சண்டை போட்டிருப்பேன். நீங்க சொல்றீங்கங்கறப்போ…" அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எனக்குத் தெரிஞ்சு உங்க கண்ணு ஒருதடவகூடத் தப்புனதில்ல. அதனாலதான் நேர்ல கேக்க வந்தேன். சொல்லுங்கண்ணே. வழுக்கலா?"

அலமாரியின் அறைகளைப் பார்த்துக்கொண்டே பெரிய மாப்பிள்ளை சொன்னார்: "வழுக்கல்தான்."

கண்டக்டர் தோளில் நழுவிய பையை மேலே ஏற்றிக்கொண்டான். "சரிண்ணே. அப்ப வியாழக்கிழமை நானே விலகிக்கறேன்னு சொல்லிடறேன். ஒருத்தன் விழுந்தது அடியாலயா வழுக்கியான்னு தெரியாதவன் உள்ள நிக்கக் கூடாது." பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினான்.

அன்று மாலை பெரிய மாப்பிள்ளைக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்த்தார். அவன் சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்து ருசித்தார். எத்தனை தரம் ருசித்தாலும் ஒரே இடத்தில் வந்து கசந்தது: உங்க கண்ணு ஒருதடவகூடத் தப்புனதில்ல. பதினோரு வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவர் காத்திருந்தார். அதைச் சொல்ல உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லை பாருங்கள்.

புதன்கிழமை காலையில் மனைவி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாளியைத் தூக்கிக் கொடுக்கப் போன கணவனிடம் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "தங்கச்சி போன் பண்ணா. அவர் விலகப்போறாராம். நீங்கதான் வழுக்கல்னு சொன்னீங்களாம்."

"ஆமா. பார்த்ததைத்தானே சொல்ல முடியும்."

"குத்து பட்டுச்சுங்க."

"மூணாவது வரிசையில, அதுவும் எதிர்ப் பக்கம் உக்காந்திருந்த நீ. உனக்கு என்ன தெரியும்?"

"குத்து எனக்கு எங்க தெரிஞ்சுது?" அவள் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். "நான் அவங்களப் பாக்கவே இல்லை. உங்களத்தான் பாத்துட்டிருந்தேன். எப்பவும் உங்களத்தான் பாப்பேன். மத்த ரெண்டு பேரு அடிச்சுக்கறதப் பாக்க எனக்கு என்ன தலையெழுத்தா? அவன் விழறதுக்கு முன்னாடி நீங்க 'ம்'னு உங்க விலாவைப் புடிச்சுக்கிட்டீங்க. இந்தா, இந்த எடத்துல." ஈரக் கையால் அவர் வலது விலாவைத் தொட்டுக் காட்டினாள். "வழுக்கி விழுந்தவனப் பாத்து யாராவது விலாவைப் புடிச்சுக்குவாங்களா?"

அவருக்கு அது நினைவே இல்லை. ஆனால் அவள் கை பட்டதும் உடம்புக்கு நினைவு வந்துவிட்டது. ஊரே அவனைப் பார்க்கிறது என்று வெந்துகொண்டிருந்த அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஒருத்தி தன்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்குச் சந்தோஷப்படக்கூட இப்போது வழியில்லை. பார்க்கக் கூடாததையும் அவள்தான் பார்த்துவிட்டாள்.

"மாமா அன்னைக்கு, நம்ம மாப்ளன்னு கத்துனார்" என்றார். சொன்ன பிறகு அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்பது அவருக்கே கேட்டது.

அவள் காலி வாளியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

வியாழக்கிழமை சங்கத்தின் அறையில், ஆடிக்கொண்டே சுற்றுகிற மின்விசிறிக்குக் கீழே, கண்டக்டர் எழுந்து வாயைத் திறப்பதற்குள் பெரிய மாப்பிள்ளை எழுந்துவிட்டார்.

"மேடம், என் சீட்டு தப்பு. குத்து பட்டுச்சு. நான் பாத்தேன். ரெஃப்ரி எண்ணுனது சரி."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப ஏன் ஒன்பது போட்டீங்க?"

வேறு காரணம் எதுவும் வாயில் வரவில்லை. "ரெஃப்ரி மேல பொறாமை மேடம்."

மருந்துக்கடைக்காரர் இருமினார். மேடம் கொஞ்ச நேரம் காகிதங்களை அடுக்கினார். "முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில எல்லா விதமான சாக்கும் கேட்டிருக்கேன். இப்படி யாரும் சொன்னதில்ல" என்றார். அது பாராட்டு இல்லை. அவரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டல் பிழை என்றால் முடிவை மாற்றலாம், ஜட்ஜின் மதிப்பெண்ணை மாற்ற விதியில் இடமில்லை, அதனால் சமன் சமன்தான் என்றார். பெயின்டருக்கு மறுபோட்டி கொடுக்கச் சங்கம் சிபாரிசு செய்யும். பெரிய மாப்பிள்ளையின் பெயர் அன்றோடு ஜட்ஜுகள் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது.

மாடிப்படியில் கண்டக்டர் நின்றுகொண்டிருந்தான்.

"அப்ப நான் பாத்தது சரிதான்."

"சரிதான் தம்பி."

"செவ்வாய்க்கிழமை உங்க முன்னாடி வந்து நின்னு கேட்டேனே." அவன் குரல் இப்போதும் உயரவில்லை. "கடிதம் வந்ததுலேர்ந்து என் கண்ணையே நான் நம்பல. ஒரு அம்மா எறங்கிட்டாங்களா இல்லையான்னு மூணு தடவ திரும்பிப் பாக்கறேன். விசில் ஊதாமயே நிக்கறேன். டிரைவர் திட்டறாரு. இத்தனையும் உங்களுக்கு எதுக்கு?"

பெரிய மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்டார். கேட்டது படியில் இறங்கிப் போகிறவனின் முதுகுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம் அவர் பெயின்டரைத் தேடிப் போனார். புதிதாகக் கட்டிய இரண்டு மாடி வீட்டின் வெளிச் சுவரில், ஏணி மேல் நின்று பூசிக்கொண்டிருந்தான். கீழே நின்றபடியே அவர் எல்லாவற்றையும் சொன்னார். பெயின்டர் பிரஷை நிறுத்தாமல் கேட்டான்.

"ஒரு புள்ளியா சார்?"

"ஒரு புள்ளிதான்."

அவன் பிரஷை வாளி விளிம்பில் வழித்தான். திட்டுவான் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க சார், சட்டையில சொட்டும்" என்றுவிட்டு, சுவர் பக்கம் திரும்பி வேலையைத் தொடர்ந்தான். அவர் தள்ளி நின்றார். இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பஸ் ஏறினார்.

நாலு மாதம் கழித்து மறுபோட்டி நடந்தது. பெரிய மாப்பிள்ளை டிக்கெட் எடுத்து மேல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். இடதுகை இந்த முறை விலாவை மூடிக்கொண்டே ஆடினான். மூன்றாம் சுற்றில் பெயின்டரின் தாடையில் ஒன்று விழுந்தது. எண்ணி முடிக்கும்போதும் அவன் எழவில்லை. சந்தேகத்துக்கு இடமே இல்லாத தோல்வி. ஜட்ஜுகளுக்கு வேலையே வரவில்லை. அவனுடைய நாள் என்று ஒன்று வந்திருந்தது. அது அந்த முதல் ஞாயிறுதான். அதற்குப் பிறகு அவன் ரிங் ஏறவில்லை.

மாமனார் வீட்டில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். யாரும் எடுத்துப் பேசுவதில்லை. கண்டக்டர் பார்த்தால், "வாங்க, எப்ப வந்தீங்க" என்பான். மரியாதையில் ஒரு குறையும் கிடையாது. அண்ணே என்ற சொல் மட்டும் இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு, எல்லாரும் அங்கே மதியச் சாப்பாட்டுக்குக் கூடியிருந்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவிய கண்டக்டர் ஜன்னலோரமாகப் போய் மருந்துக்கடைக்காரருக்குப் போன் போட்டான்.

"அண்ணே, ஒரு சந்தேகம். மணி அடிச்ச அதே நேரத்துல குத்து விழுந்து, ஆளு அதுக்கப்புறம் விழுந்தா, அதை எந்தச் சுற்றுல சேக்கறது? நீங்க சொன்னா சரியா இருக்கும்."

பெரிய மாப்பிள்ளைக்கு விடை தெரியும். எத்தனையாவது பக்கம், எத்தனையாவது வரி என்பதுகூடத் தெரியும். இலகுவாகப் பழகிய நாட்களில் இதே கூடத்தில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறான். இவர் தரையில் விழுந்து காட்டியிருக்கிறார். மருந்துக்கடைக்காரர் மறுமுனையில் ஏதோ இழுத்து இழுத்துச் சொல்வது தெரிந்தது. அந்த ஆளுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் கண்டக்டர் அதைக் கவனமாகக் கேட்டு, "ஆமாண்ணே, ஆமாண்ணே" என்று தலையாட்டிக்கொண்டிருந்தான்.

ரிங்கின் மேலோ, கைதட்டின் மேலோ இப்போது அவருக்கு ஆசை ஒன்றும் இல்லை. அந்த மருந்துக்கடைக்காரரை நினைத்தால்தான் அடிவயிறு எரிந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தட்டில் மிச்சமிருந்த சோற்றைப் பிசைந்து மெதுவாகச் சாப்பிட ஆரம்பித்தார்.